தலைமன்னார்த் துறையும் பதிப்பெண்ணும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையில் தலைமன்னார் இறங்குதுறை என்னும் பெயருடைய புகையிரத நிலையம் ஒன்று உண்டு. மதவாச்சியிலே வடபாதையை விட்டுப் பிரிந்து, செட்டிகுளம், மடு, முருங்கன் ஆகிய இடங்களைக் கடந்து, பாலத்தின் வழியே தீவினுட் புகுந்து, பேசாலையையும் தாண்டி வரும் இருப்புப் பாதை அங்கே வந்து முடிகிறது. அதற்கப்பாற் கடல், கடலுக்கு அக்கரையிலே தனுஷ்கோடி. 1914ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது ஆண்டுக் காலம், சென்னை எழும்பூரில் வண்டியேறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, இருபது மைலுக்குச் சற்று மிகுந்த கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு வந்து சேர்ந்தனர். போட் மெயில் என்று வழங்கிய அவ்வண்டியை முதியோர் இன்றும் நினைவு கூர்வர்.

சென்னை வண்டி நேரே கொழும்புக்கு வராதது ஏன் என்று கேட்டால், இடையிலே கடல் கிடந்தது என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் அது பாதி விடையே. ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகளின் மீது தண்டவாளம் இடலாமா என்று அந்நாளிலே ஆராய்ந்தும் பார்த்தனர். பின்னர்க் கப்பலே போதும் என்று விட்டனர். அப்பாலம் கட்டப்பெற்றிருந்தாலும் சென்னை வண்டி தலைமன்னாருக்கு அப்பால் ஓரடியேனும் நகர்ந்திராது. ஏனெனில், அக்கரையில் தென்னிந்தியப் புகையிரதத்தின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீற்றர். இக்கரையில் இலங்கைப் புகையிரதத்தின் இடைவெளி ஐந்தடி ஆறங்குலம், அஃதாவது 1676 மில்லிமீற்றர். இரண்டடிக்கும் மேற்பட்ட வேறுபாடு. கடல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பாதையின் அகலம் கடலின் மறைவிலே கிடந்தது.

இவ்வேறுபாடு தோன்றிய வரலாறு சுவையுடையது. இந்தியாவில் முதன்முதற் புகையிரதம் அமைத்தபோது, டல்ஹௌசிப் பிரபுவின் காலத்தில், ஐந்தடி ஆறங்குலம் என்னும் அளவே நாடு முழுமைக்கும் பொது அளவாகக் கொள்ளப்பட்டது. இலங்கையில் 1864ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வண்டி ஓடியபோது அந்த இந்திய அளவே இங்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. தென்னாட்டில், நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1860களின் தொடக்கத்தில் இட்ட பாதையும் அதே அகலமுடையதாகவே இருந்தது. ஆகவே, ஒரு காலத்தில் இரு கரைகளும் ஒரே அளவைக் கைக்கொண்டிருந்தன என்பது தெளிவு.

பின்னர் 1870ஆம் ஆண்டில், மேயோ பிரபுவின் ஆட்சியில், செலவைக் குறைக்கும் பொருட்டு மீற்றர் அகலம் இந்தியாவிற் புகுந்தது. நாகப்பட்டினப் பாதையையும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பெயர்த்துக் குறுக்கினர். இலங்கைக்கு அவ்வாறு மாற வேண்டிய தேவை எழவில்லை; அது பழைய அளவோடு மலைநாடு வரை ஏறிச் சென்றது. இரு சாராரும் தத்தம் வீட்டிலே சரியாகத்தான் இருந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, இரு பாதைகளும் ஒரு கடலின் இரு கரையிலும் வந்து நின்றபோதுதான், ஒரே மூலத்திற் பிறந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது புலனாயிற்று.

அந்தப் பொருந்தாமையின் சுமை யார் தலையில் விழுந்தது? அளவை முடிவு செய்தவர்கள் துறையிலே நிற்கவில்லை. பெட்டிகளை வண்டியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து மீண்டும் வண்டிக்கும் தோளிலே சுமந்தவர்களும், கைக்குழந்தையோடு இறங்கி ஏறிய தோட்டத் தொழிலாளரும் நின்றனர். கருவிகள் பொருந்தாத இடத்தில் மனிதரே மூட்டாக நிற்க நேர்கிறது.

இன்றைய கணினித் துறையிலே நாள்தோறும் நிகழ்வதும் இதுவே. பதிப்புப் பிணக்கு என்று அதைச் சொல்லலாம். நேயர்களிற் பலர் நிரல் எழுதுவோர் அல்லர். எனினும் இப்பிணக்கின் ஒரு வடிவத்தை அவர்களும் கண்டிருப்பர். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் ஓரெழுத்தும் இன்றி ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். கடிதத்திலே பிழையில்லை, கணினியிலே பழுதில்லை. எழுதியவரும் படிப்பவரும் வெவ்வேறு அளவுகளைக் கைக்கொண்டிருக்கின்றனர், அவ்வளவே.

நிரல் எழுதுவோரின் உலகில் இது மேலும் சிக்கலாகிறது. ஒரு நிரல் தனித்து நிற்பதில்லை. அது ஒரு மொழியில் எழுதப்படுகிறது. அம்மொழியில் எல்லோருக்கும் பொதுவான வேலைகளை முன்னரே செய்து வைத்துள்ள சட்டகம் ஒன்றின்மீது அது அமைகிறது. எழுதியவற்றையெல்லாம் கோத்து ஓடும் நிலைக்குக் கொண்டுவரக் கட்டுமானக் கருவி ஒன்று வேண்டும். மொழி, சட்டகம், கருவி ஆகிய மூன்றையும் மூன்று வேறு குழுவினர், மூன்று வேறு கால அட்டவணைப்படி புதுப்பித்துக்கொண்டே செல்கின்றனர். ஜாவா மொழி 2017ஆம் ஆண்டின் பின் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பாக வெளிவருகிறது. அந்த வேகத்துக்கு மற்றவை ஈடு கொடுக்குமா என்பது அவ்வவற்றைப் பேணுவோரைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டு. பேசாலைப் பக்கத்திலே ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொருவரும் கொண்டு வந்த மீனின் நிறை, விலை, கழிக்க வேண்டிய கடன் ஆகியவற்றைக் கணக்கிட 2020இல் ஓர் இளைஞர் நிரல் எழுதிக் கொடுத்தார். பின்னர் வெளிநாடு சென்றுவிட்டார். பழைய கணினி பழுதாயிற்று. புதிய கணினி வாங்கப்பட்டது. நிரலின் மூலம் ஒரு தட்டிலே பத்திரமாக இருக்கிறது. மாத முடிவிலே பணம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கணினி பயின்ற பெண் ஒருத்தியைச் சங்கத்தார் அழைக்கின்றனர். அவள் புதிய கணினியிலே, நல்லெண்ணத்தோடு, ஜாவாவின் 21ஆம் பதிப்பை நிறுவி, நிரலைக் கட்டுமாறு கட்டளையிடுகிறாள். திரையிலே நீண்ட செய்தி ஒன்று ஓடி நிற்கிறது. அதன் நடுவே, ஆதரிக்கப்படாத கிளாஸ் கோப்புப் பெரும்பதிப்பு 65 என்று ஒரு வரி.

புதியவர்கள் இவ்வரியைக் கண்டதும் நிரலின் 65ஆம் வரியைத் தேடிச் செல்வதுண்டு. அங்கே பிழையொன்றும் இராது. சிலர் அதை அழித்து மீண்டும் எழுதிப் பார்த்து, இல்லாத பிழையைத் தேடி இருக்கும் நிரலையும் கெடுப்பர். 65 என்பது வரியின் எண் அன்று. அது கோப்பின் அளவுக் குறி. ஜாவா மொழியில் எழுதியதை இயந்திரம் படிக்கும் வடிவுக்கு மாற்றும்போது உண்டாகும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஓர் எண் பதியப்படுகிறது. முதல் நான்கு பைட்டுகள் இது ஜாவாவின் கோப்பு என்னும் அடையாளம். அடுத்த நான்கும் பதிப்பெண்ணுக்கு உரியன. அவ்வெண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். 52 என்பது எட்டாம் பதிப்பு. 55 பதினோராம் பதிப்பு. 61 பதினேழாம் பதிப்பு. 65 இருபத்தோராம் பதிப்பு. இக்கழித்தல் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் அச்சத்திற் பாதி அகன்றுவிடும்.

ஆகவே செய்தியின் பொருள் யாதெனில், 21ஆம் பதிப்புக்குரிய கோப்பொன்றை யாரோ படிக்க முயன்று, படிக்கத் தெரியாமல் நின்றுவிட்டனர் என்பதே. யார் அவர்? நிரல் அன்று, ஜாவாவும் அன்று. கிரேடில் என்னும் கட்டுமானக் கருவி. 2020இல் வழக்கிலிருந்த அதன் ஆறாம் பதிப்பு, 2023இல் வெளிவந்த ஜாவா 21ஐ அறிந்திருக்க நியாயமில்லை. கடலைக் காட்டிப் பாதையின் அகலத்தை மறைத்தது போல, பிழைச் செய்தியும் நிரல் கெட்டுவிட்டது போன்ற தோற்றத்தைத் தந்து, உண்மையான மூட்டை மறைத்துவிடுகிறது.

இவ்வேளையிற் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுண்டு. எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்துவிடலாம் என்று, மொழியையும் சட்டகத்தையும் கருவியையும் ஒரே மாலையில் மாற்றிவிடுவர். முன்பு ஒரு பிழை இருந்த இடத்தில் இப்போது நாற்பது பிழைகள் தோன்றும். அவற்றுள் எது எதனால் விளைந்தது என்று சொல்ல எவராலும் இயலாது. சிக்கிய வலையின் எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பேசாலையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எதையும் மாற்றாமல் மூன்று எண்களைத் தாளிலே எழுதிக்கொள்ள வேண்டும். ஜாவாவின் பதிப்பு எது, கிரேடிலின் பதிப்பு எது, சட்டகத்தின் பதிப்பு எது என்பவையே அவை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கட்டளைத் திரையிலே கேட்டால் விடை தரும் ஜாவா ஒன்றாகவும், நிரல் எழுதும் செயலி தன்னுள்ளே வைத்திருக்கும் ஜாவா வேறொன்றாகவும் இருத்தல் கூடும். ஒரே கணினியில் இரண்டு மூன்று ஜாவாக்கள் ஒன்றையொன்று அறியாமல் குடியிருப்பது அரிதன்று. ஆகையால் ஜாவாவைக் கேட்பதோடு நில்லாமல், கிரேடிலையே அழைத்து, நீ எந்த ஜாவாவின்மீது ஓடுகிறாய் என்று கேட்டல் வேண்டும். அது தன் பதிப்பையும் தான் ஓடும் ஜாவாவின் பதிப்பையும் சேர்த்தே சொல்லும். பலருடைய இரவுகள் இந்த ஒரு கேள்வியைக் கேளாமையாற் கழிந்திருக்கின்றன.

கிரேடிலைப் பற்றி நல்ல செய்தி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு திட்டம் எந்தக் கிரேடிற் பதிப்பைக் கொண்டு கட்டப்பட்டது என்பதைத் திட்டத்தின் உள்ளேயே ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும் ஏற்பாடு அதில் உண்டு. அக்கோப்பு இருந்தால், கணினி மாறினாலும் அதே பதிப்பே இறக்கப்பட்டு இயங்கும். வெளிநாடு சென்ற இளைஞர் அதை விட்டுச் சென்றிருந்தார். ஆனால் எந்த ஜாவா என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பாதி எழுதி வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். அந்நாளில் அவருடைய கணினியில் இருந்தது ஒரேயொரு ஜாவா. அதற்கு எண் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிராது. எல்லோரிடமும் ஒரே அளவு இருக்கும் காலத்தில் அளவை எழுதி வைப்பார் இலர்.

மூன்று எண்களும் கிடைத்தபின், கருவியை ஆக்கியோர் வெளியிட்டுள்ள பொருத்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஜாவா 17இன்மீது ஓடக் கிரேடில் 7.3 ஆவது வேண்டும். ஜாவா 21இன்மீது ஓட 8.5 ஆவது வேண்டும் என்று அவ்வட்டவணை கூறும். அப்படியாயின் கிரேடிலை 8.5க்கு உயர்த்தினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. சங்கத்தின் நிரல் ஸ்பிரிங் பூட் 2.3 என்னும் சட்டகத்தின்மீது அமைந்தது. அச்சட்டகத்தின் இணைப்பு, கிரேடிலின் ஐந்தாம் ஆறாம் பதிப்புகளுக்கென ஆக்கப்பட்டது. கருவியை மொழிக்கு இசைய உயர்த்தினால் அது சட்டகத்தோடு பிணங்கும். ஒரு மூட்டைச் சரிசெய்ய, அடுத்த மூட்டு வெளிப்படுகிறது. இதனாலேதான் இப்பிணக்குத் தீர்ப்பவர்கள் அடிக்கடி பொறுமை இழக்கின்றனர். ஆயினும் சங்கிலிக்கு முடிவு உண்டு, கணுக்கள் மூன்றுதான்.

தீர்க்கும் வழிகளைப் பழைய புகையிரதப் பொறியியலாளர் முன்னரே நடந்து காட்டியுள்ளனர். ஒன்று, நாகப்பட்டினத்திற் செய்தது போல், அளவைக் குறுக்கி இருப்பதோடு இசைத்தல். இங்கே அதற்குப் பொருள், ஜாவா 11ஐப் புதிய கணினியில் 21இன் பக்கத்திலேயே நிறுவி, இந்நிரல் மட்டும் அதன்மீது ஓடுமாறு அமைத்தல். 21ஐ நீக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணினியில் அமைதியாக இருக்கும். கால் மணி நேர வேலை. மாதக் கணக்கு முடிந்து, மீனவர் கையிற் பணம் சேரும். அன்றைய பொழுதுக்குச் செய்யத்தக்கது இதுவே.

வேறொன்று, இரு அகல வண்டிகளும் ஓடும்படி மூன்றாந் தண்டவாளம் ஒன்றைச் சேர்த்தல். இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சில நிலையங்களில் இது செய்யப்பட்டது. கிரேடிலும் 6.7ஆம் பதிப்பு முதல், தான் ஒரு ஜாவாவின்மீது ஓடிக்கொண்டே நிரலை வேறொரு ஜாவாவுக்கெனக் கட்டும் வசதியைப் பெற்றிருக்கிறது. பல திட்டங்களை ஒரே கணினியிற் பேணுவோருக்கு இது பெரிதும் உதவும்.

எஞ்சியது பாதையையே மாற்றியிடுதல். ஸ்பிரிங் பூட் 2.3இலிருந்து முதலில் 2.7க்கு ஏறி, அங்கே நின்று, நிரலை ஓட்டிப் பார்த்து, கணக்குகள் பழைய மாதத்துக் கணக்கோடு ஒத்து வருகின்றனவா என்று சோதித்து, அதன்பின்னரே மூன்றாம் பதிப்புக்கு ஏற வேண்டும். 2022 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, குறைந்தது ஜாவா 17ஐ வேண்டுகிறது. அன்றியும், ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பல தொகுதிப் பெயர்கள் அதில் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. பழைய பெயரால் அழைத்தால் எவரும் விடை தரார். இரண்டு படிகளையும் ஒரே தாவலில் ஏறுவோர் பெரும்பாலும் விழுந்தே எழுகின்றனர்.

கால் மணியில் முடியும் முதல் வழி இருக்க, இத்தனை தொல்லை எதற்கு என்று சங்கத்தார் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். விடை அந்நிரல் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சங்க அலுவலகத்து மேசையிலே, இணையத்தோடு தொடர்பின்றி ஓடுமாயின் சில காலம் பொறுக்கலாம். உறுப்பினர் தத்தம் கைத்தொலைபேசியிலிருந்து கணக்குப் பார்க்கும்படி இணையத்திலே திறந்திருக்குமாயின் பொறுக்கலாகாது. ஸ்பிரிங் பூட்டின் இரண்டாம் வரிசைக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 நவம்பரோடு நின்றுவிட்டன. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளைக் கட்டணமின்றி அடைப்பார் இல்லை. பிறர் பணத்தின் கணக்கை அத்தகைய நிரலில் வைத்திருப்பது முறையன்று.

வேலை முடிந்ததும் அப்பெண் செய்ய வேண்டியது, மூன்று எண்களையும் திட்டத்தின் உள்ளேயே, அடுத்து வருபவர் கண்ணிற் படும் இடத்தில் எழுதி வைப்பது. எழுதப்பட்ட எண் எவ்வளவு காலம் பயன்படும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990இல், போரின் காரணமாக மன்னார்ப் பாதையில் வண்டி நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலங்கள் தகர்ந்தன. கால் நூற்றாண்டுக் காலம் அப்பாதை காடாய்க் கிடந்தது. பின்னர் இந்தியக் கடனுதவியோடு அதை மீண்டும் இட முற்பட்டபோது, பழைய தண்டவாளத்தை அளந்து பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. 1676 என்னும் எண் ஏட்டில் இருந்தது. 2013இல் மடு வரையும், 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் வண்டி வந்தது. மதவாச்சியிற் புதிய பாதை பழைய பாதையோடு ஓர் அங்குலமும் பிசகாமற் சேர்ந்தது.

அக்கரையின் கதை வேறு வழியிற் சென்றது. 1964 டிசம்பரிலே வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இருப்புப் பாதை கடலோடு போயிற்று. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரிற் செய்த சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி மலைநாட்டை விட்டுச் சென்றவர்கள் தலைமன்னார்த் துறையிலேதான் கப்பலேறினர். 1980களில் அக்கப்பலும் நின்றது. மீளத் தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. 1992இல் இந்தியா, நாடெங்கும் ஒரே அகலம் என்னும் திட்டத்தைக் கைக்கொண்டு, மீற்றர் பாதைகளைப் பெயர்த்து மீண்டும் ஐந்தடி ஆறங்குலத்துக்கு விரித்துவந்தது. 2007இல் பாம்பன் பாலத்தின்மீதும் அகலப்பாதை இடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அதன் பக்கத்திலே, நடுப்பகுதி செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இராமேசுவர நிலையத்தில் நிற்கும் வண்டியின் சக்கரங்களும், தலைமன்னார் இறங்குதுறையில் நிற்கும் வண்டியின் சக்கரங்களும் இன்று ஒரே அளவின. 1914இல் இருந்த பிணக்கு தீர்ந்துவிட்டது. இடையிலே இருப்பது கடல் மட்டுமே.